மேக்கை ஏன் விற்கிறோம் என்றால்

உட்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்க. உறையூர் வரைக்கும் வந்துட்டு எங்க தெருவைக் கண்டுபிடிக்கத்தான் சுத்தியிருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான், கோழிக்கடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு கேட்டுக் கேட்டு வருவாங்க. மேக் லேப்டாப் இதோ இருக்கு. தொட்டுப் பாருங்க, தூக்கிப் பாருங்க. ஒரு கீறல் கிடையாது. திறந்து காட்டத்தான் என்னால முடியாது. அம்மா வரணும். அம்மா விரல் வச்சால்தான் அது கண்ணைத் திறக்கும். டூட்டி முடிஞ்சு பஸ் ஏறிட்டதா மெசேஜ் போட்டிருக்காங்க, வந்துருவாங்க.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். அப்பா உள்ளே படுத்திருக்கார்.

போன்ல கேட்டீங்களே, 'புதுசு மாதிரி இருக்கே, ஏன் விக்கிறீங்க? திருட்டு கிருட்டு இல்லையே தம்பி?' அப்படின்னு. இப்ப நான் சொன்னது உங்க குரல் மாதிரியே இருந்ததா இல்லையா? சும்மா சொல்லுங்க. அந்தத் 'தம்பி'யை நீங்க கடைசியில ஒரு இழுப்பு இழுக்கிறீங்க. அதிலதான் சந்தேகம் எல்லாம் இருக்கு. கோவிச்சுக்காதீங்க சார். எனக்கு அது வியாதி மாதிரி. ஒருத்தர் குரலை ரெண்டு தடவை கேட்டால் போதும், என் நாக்கு தானா அவங்க வாய்க்குள்ள போய் உட்கார்ந்துக்கும்.

எங்க ஸ்கூல்ல பிரின்சிபால் ஃபாதர் குரலில் மைக்கில் லீவு விட்டது நான்தான். 'அன்பு மாணவச் செல்வங்களே, கனமழையை முன்னிட்டு...' அப்படின்னு ஆரம்பிச்சேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்குது. கேட் வரைக்கும் ஸ்கூலே போயிருச்சு சார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தும் விட்டுட்டார். ஃபாதரே தன் ரூமை விட்டு வெளியே வந்து, நான் எப்ப லீவு விட்டேன்னு யோசிச்சுக்கிட்டு நின்னார். அதுதான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாள்.

ஆனா என்கிட்ட ஒரு கொள்கை இருக்கு. இந்தப் பிரிட்டோ சொந்தமா ஒரு வார்த்தை சேர்க்க மாட்டான். டிவியில மிமிக்ரி பண்றவங்க குரலை மட்டும் எடுத்துக்கிட்டு, பேச்சைத் தாங்களே எழுதி வச்சுக்கிறாங்க. அது ஏமாத்து. நான் கேட்டதைத்தான் சொல்வேன். கேட்ட மாதிரியே சொல்வேன். இதை ஞாபகம் வச்சுக்கோங்க சார், பின்னாடி வேணும்.

சரி, மேக் கதைக்கு வர்றேன்.

எங்க அப்பா சவரிமுத்து, பாலிடெக்னிக் ஆபீஸ்ல சூப்பரிண்டெண்ட். இப்ப மெடிக்கல் லீவு. அம்மா லூர்துமேரி, ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ். அம்மாவோட ஏடிஎம் கார்டு அப்பா சட்டைப் பையில இருக்கும். கல்யாணம் ஆன வருஷத்தில இருந்து அப்படித்தான். சட்டையைத் துவைக்கப் போடும்போது கார்டை எடுத்து அடுத்த சட்டையில போட்டுக்குவார். அம்மாவுக்கு ஏதாவது வேணும்னா கேட்கணும். கேட்டால் கொடுத்துருவார். இல்லைன்னு சொன்னதே கிடையாது, அதையும் சொல்லணும். கொடுத்துட்டு, வாங்கிட்டு வந்ததும் மட்டும், 'ம்... ரசீது?' அப்படின்னு கையை நீட்டுவார். அந்த 'ம்' ரொம்ப முக்கியம். அப்பா எதைப் பேசினாலும் முன்னாடி ஒரு 'ம்' போட்டுத்தான் ஆரம்பிப்பார், ஃபைலுக்கு நம்பர் போடுற மாதிரி.

மத்தபடி நல்ல மனுஷன் சார். ஆபீஸ் பழக்கம், அவ்வளவுதான்.

இந்தக் கோடையில அவருக்குக் கண்ணில ஆபரேஷன். சர்க்கரை கண்ணுக்கு ஏறிருச்சு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வீட்டோட இருந்தார். ஆனாலும் கணக்கை விடலை. எழுதினதுக்கு மேலேயே எழுதுவார். கரண்ட் பில் கட்டிட்டதா நினைச்சுக்கிட்டு இருந்திருக்கார், கட்டலை. ஒருநாள் மத்தியானம் வந்து ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் எட்டிப் பார்த்தாங்க. அன்னைக்குத்தான் அம்மா சொன்னாங்க, இனிமே கணக்கை நான் பார்க்கிறேன், கம்ப்யூட்டர்ல போட்டுடலாம், அதுக்கெல்லாம் இப்ப சாஃப்ட்வேர் இருக்குன்னு.

அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டார். அப்புறம் ஒரு 'ம்'. அப்புறம், "ஞாயித்துக்கிழமை பேசிருவோம்."

எங்க வீட்டில எது வாங்கினாலும் ஞாயிற்றுக்கிழமைதான் முடிவாகும். காலைப் பூசை முடிஞ்சு வந்ததும் கூட்டம். சித்தப்பா அருளானந்தம் நேரில் வந்துருவார். ஆலோசனை சொல்றதா பேரு, வர்றது கறிக்குழம்புக்கு. சேவியர் மாமா, அதாவது அம்மாவோட தம்பி, ஷார்ஜாவில இருந்து போன்ல வருவார். போனை ஒரு எவர்சில்வர் கிண்ணத்துக்குள்ள நிக்க வச்சுருவோம், ஸ்பீக்கரை விடச் சத்தமா கேட்கும். மாமா பேசினா கிண்ணம் அதிரும். ஃப்ரிட்ஜ் வாங்கினது, என்னை எந்த ஸ்கூல்ல சேர்க்கிறது, எல்லாம் அந்தக் கிண்ணத்தில முடிவானதுதான். முதல் வாரம் விவாதம், ரெண்டாவது வாரம் முடிவு. அந்த வழக்கத்தையும் அப்பாதான் வச்சிருந்தார். அவசரப்பட்டு எதுவும் செய்யக் கூடாதாம்.

முதல் வாரம் சித்தப்பா பி.சி. பக்கம் நின்னார். அவர் ஒரு ஆடிட்டர்கிட்ட வேலை பார்க்கிறார். மூக்காலதான் பேசுவார், கேளுங்க:

"அண்ணே, பி.சி.தான்ணே. எந்தத் தெருவுல போய் நின்னாலும் அதைக் கழட்டி மாட்ட ஒரு ஆள் இருக்கான், புரியுதா? மேக் மக்கர் பண்ணுச்சுன்னா மெட்ராஸுக்குத் தூக்கிட்டு ஓடணும், புரியுதா? எங்க ஆபீஸ்ல இருக்கிற சாஃப்ட்வேரையே போட்டுத் தர்றேன். நான் அங்க உக்காந்துக்கிட்டே வீட்டுக் கணக்கைத் திறந்து, மாசாமாசம் சரி பண்ணி விட்டுர்றேன்."

ஒரு நிமிஷம் சார். என்னப்பா? ... இல்லப்பா, சித்தப்பா வரலை. நான்தான். மேக் பார்க்க வந்திருக்காங்க. ... சரிப்பா.

பார்த்தீங்களா, 'அருளா?'ன்னு கேட்கிறார். அவ்வளவு துல்லியமா வந்திருக்கு.

சரி, மெதுவாச் சொல்றேன். மாமா மேக் பக்கம். அவர் எதைச் சொன்னாலும் சொல்லி முடிக்கிறதுக்கு முன்னாடியே சிரிச்சுருவார். 'அது வந்து மச்சான், ஹஹ்... மேக்குன்னா மேக்தான். வைரஸும் வராது, ஒண்ணும் வராது' அப்படின்னார். விலையைக் கேட்டதும் சித்தப்பாவுக்குப் புரை ஏறிருச்சு. அந்த விலைக்கு மூணு பி.சி. வாங்கி ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கலாமேன்னார். இப்படியே வண்டி ஓடிக்கிட்டு இருந்தது. அம்மா அடுப்படியில. எங்க வீட்டுக் கூட்டத்தில அம்மா எப்பவும் அடுப்படியில இருந்துதான் கலந்துக்குவாங்க, அதாவது கலந்துக்க மாட்டாங்க. அன்னைக்குக் கையில கரண்டியோட வெளியே வந்தாங்க.

"உங்க ஆபீஸ்ல இருந்தே திறக்கலாமா தம்பி?"

"ஆமா அண்ணி. நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம், புரியுதா?"

"அப்ப எனக்கு மேக்."

எல்லாருமே திரும்பிப் பார்த்தோம். கண்ணாடிக்குப் பின்னாடி அப்பாவும்தான். அம்மாவுக்கு அந்தப் பேரே தெரியும்னு யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில ஒரு லேடி டாக்டர் வச்சிருக்காங்களாம். டூட்டி ரூம்ல உட்கார்ந்து வீட்டுக் கணக்கு போடுவாங்களாம். செலவை எல்லாம் கலர் கலரா ஒரு வட்டத்தில பிரிச்சுக் காட்டுமாம், மளிகை பச்சை, மருந்து சிவப்புன்னு. அந்த டாக்டர் விரல் வச்சால்தான் திறக்குமாம். அம்மா அதை ரெண்டு தடவை சொன்னாங்க. அவங்க விரலுக்கு மட்டும்தான் திறக்குது, அவங்க விரலுக்கு மட்டும்தான்.

சித்தப்பா, பி.சி.யிலயும் விரல் வைக்கிறது இப்ப வந்துருச்சு அண்ணின்னார். ஆனா அதை நீங்க அங்க இருந்து திறப்பீங்களேன்னு அம்மா கேட்டாங்க. சித்தப்பாவுக்கு அதில என்ன தப்புன்னே விளங்கலை. உண்மையைச் சொன்னா எனக்கும் அப்ப விளங்கலை. கணக்கில ரகசியம் என்ன இருக்கு, பாலும் தக்காளியும்தானே.

அடுத்த ஞாயிறு. முடிவு எடுக்கிற ஞாயிறு. மாமா போன் வரலை. கிண்ணம் காலியா இருக்கு. கூப்பிட்டுப் பார்த்தோம், போகலை. சித்தப்பா ரொம்பப் பெருந்தன்மையா, சரி, நாளைக்கே நான் ஒரு பி.சி. பார்த்து எடுத்துட்டு வந்துர்றேன்னார். அப்பா, "ம்... அப்படியே முடிச்சிரலாம்"னார்.

நான் அப்ப அடுப்படியில ஒரு கறித்துண்டுக்காக நின்னுக்கிட்டு இருந்தேன். அம்மா குழம்புச் சட்டியைப் பார்த்துச் சொன்னாங்க. என்கிட்டச் சொல்லலை, சட்டிகிட்டத்தான். என்ன சொன்னாங்கன்னு இப்பச் சொல்ல மாட்டேன், வர வேண்டிய இடத்தில வரும். கேட்டதும் என் நாக்கு அதைப் பிடிச்சுக்கிச்சு. அவ்வளவு நல்ல வாக்கியம் சார்.

நான் மொட்டை மாடிக்கு ஓடினேன். என்கிட்ட ரெண்டாவது சிம் ஒண்ணு இருக்கு. அப்பாவுக்குக் கண் தெரியாத நாளில இருந்து, கூப்பிடுறவங்க பேரை போனே சத்தமாச் சொல்ற மாதிரி நான்தான் செட் பண்ணிக் கொடுத்திருந்தேன். அந்த சிம் நம்பரை எப்பவோ அப்பா போன்ல சேவியர் மாமா பேரில பதிஞ்சும் வச்சிருந்தேன். எதுக்குன்னு கேட்காதீங்க, ஒரு கலைஞன் கருவிகளைத் தயாரா வச்சிருக்கணும். கூப்பிட்டேன். கீழே போன் 'சேவியர்' 'சேவியர்'னு கத்துது. எடுத்துக் கிண்ணத்தில வச்சாங்க.

"மச்சான், அது வந்து, டூட்டியில மாட்டிக்கிட்டேன், ஹஹ்... மேக்கையே வாங்கிருங்க மச்சான். அக்கா சம்பாத்தியம், அக்கா விரலுக்கே திறக்கட்டுமே."

பிரமாதமா வந்தது. சித்தப்பா குறுக்கே விழுந்து, ரிப்பேரானா யாரு பார்க்கிறது சேவியருன்னார். நீங்க உங்க ஆடிட்டரைப் பாருங்க அருள், எங்க வீட்டுப் பெட்டியை ஏன் பார்க்கிறீங்கன்னேன். மாமா அப்படித்தான் சொல்லியிருப்பார். அப்பா மட்டும் ஒண்ணும் சொல்லலை. 'ம்' கூட இல்லை. எனக்கு வேகம் வந்துருச்சு. மேடையில கை தட்டலைன்னா அடுத்த அயிட்டம் எடுத்து விடணும் இல்லையா? அம்மா சட்டிகிட்டச் சொன்னது நாக்கு நுனியில நிக்குது. விட்டுட்டேன்.

"இருபது வருஷமா எங்கக்கா ஒரு உள்பாவாடை வாங்குனாக்கூட ரசீது கேட்டு நிக்கிறீங்களே மச்சான், ஹஹ்."

போனுக்குள்ள குக்கர் விசில் மட்டும் கேட்டது.

நான் ஒண்ணும் தெரியாத மாதிரி இறங்கி வந்தேன். சித்தப்பா செருப்பை மாட்டிக்கிட்டு இருந்தார், சாப்பிடலை. கறிக்குழம்பை விட்டுட்டு அவர் போனதை அன்னைக்குத்தான் பார்த்தேன். அம்மா அடுப்படி நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, முகம் எல்லாம் ஒரு மாதிரி. சிரிப்பை அடக்குறாங்கன்னு நினைச்சேன். அப்பா சட்டைப் பையில கையை விட்டு, கார்டை எடுத்து, மேசையைத் தடவிப் பார்த்து வச்சார்.

"லூர்து, இந்தா. உனக்கு எது பிடிக்குதோ வாங்கிக்க."

ஜெயிச்சாச்சு! பதினேழு வயசில ஒரு ஆள், தனியா, மொட்டை மாடியில இருந்து, ஒரு குடும்பத்துக்கு மேக் வாங்கிக் கொடுத்தேன் சார். எத்தனை பேரால முடியும்?

மறுநாள் நானும் அம்மாவும் போனோம். ஏடிஎம்மில நின்னு அம்மா என்னைப் பார்க்கிறாங்க. அவங்க கார்டுக்கு நம்பர் அவங்களுக்கே தெரியாது. அப்பாவுக்கு போன் போட்டேன். 'ம்... எங்க கல்யாண நாள்தான்'னார். நான் சத்தமாச் சிரிச்சேன். அம்மா சிரிக்கலை, மெஷினையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. மேக் வாங்கிட்டு வந்து, பழக்க தோஷத்தில ரசீதை அப்பா முன்னாடி கொண்டுபோய் நீட்டினாங்க. அவர் வாங்கலை. வேண்டாம் லூர்து, நீயே வச்சுக்கன்னார்.

அந்த வாரம் வீடு நல்லா இருந்தது. இருந்ததை இல்லைன்னு சொல்லக் கூடாது. அம்மா டூட்டி விட்டு வந்து, முகம் கழுவி, பொட்டியைத் திறந்து உட்காருவாங்க. டாக்டர் வச்சிருந்த அதே சாஃப்ட்வேர். ஒத்த விரலால தட்டித் தட்டி ஏத்துவாங்க. அப்பா பக்கத்தில நாற்காலியைப் போட்டுக்கிட்டு உட்காருவார். பார்க்க முடியாது, அதனால அம்மா வாசிச்சுக் காட்டுவாங்க. தண்ணி வரி இந்த மாசமா அடுத்த மாசமாங்கிற மாதிரி ஏதாவது கேட்பாங்க, அவர் சொல்வார். நர்ஸம்மா நல்லா ஃபைல் போடுறியேன்னு ஒருநாள் கிண்டல்கூடப் பண்ணினார். வட்டத்தில என்னென்ன கலர் இருக்குன்னு கேட்டு, எல்லாத்தையும் கேட்டு முடிச்சு, 'ம்... உன் பேருக்குன்னு ஒண்ணு இல்லையா? போட்டுக்க'ன்னார். அம்மா போட்டாங்க. லூர்துன்னு பேர், ஊதா கலர். காசு எதுவும் போடலை, அதனால வட்டத்தில அது தெரியலை. பேர் மட்டும் ஓரத்தில இருந்தது.

அடுத்த ஞாயிறு மாமா போன் பண்ணினார், நிஜ மாமா. வந்ததுமே மன்னிச்சுக்கோங்க மச்சான், போன வாரம் கூப்பிட முடியலைன்னார். ஒரு நாள் கழிச்சுப் பண்ணியிருக்கலாம், இல்லை மன்னிப்புக் கேட்காம இருந்திருக்கலாம். எங்க மாமாவுக்கு நேரம் காலம் தெரியாது. நான் சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அப்பா பதறலை. "பரவாயில்லப்பா. உனக்குப் பதிலா ஆள் வந்துச்சு" அப்படின்னார். சிரிச்ச மாதிரிகூட இருந்தது. போனை வச்சதும் என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டா. எந்தத் தம்பியும் அக்காவைப் பத்தி மச்சான்கிட்ட அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டான். சேவியர் செத்தாலும் சொல்ல மாட்டான்."

ஒரே ஒரு வார்த்தை சார். உள்பாவாடை. குரல் சரி, சிரிப்பு சரி, மூச்சு விடுறது சரி. அந்த ஒரு வார்த்தையில விழுந்துட்டேன். இன்னைக்கு நினைச்சாலும் எனக்கு ஆறலை. புடவைன்னு போட்டிருந்தால் இன்னைக்கு வரைக்கும் மாட்டியிருக்க மாட்டேன்.

அப்பா கேட்டார், "உன் குசும்புதானே அது? நீயா கட்டி விட்டதுதானே?"

எனக்குக் கோபம் வந்துருச்சு. யாரைப் பார்த்துக் கேட்கிறார்? என் கொள்கையைச் சொன்னேனே உங்ககிட்ட. நான் நிமிர்ந்து நின்னு சொன்னேன்.

"நான் சொந்தமா ஒண்ணும் சேர்க்க மாட்டேன்ப்பா. அம்மா சொன்னதைத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை மாறலை."

அடுப்படியில குழாய் ஓடிக்கிட்டு இருந்தது. நின்னுருச்சு.

அப்பா, "ம்" அப்படின்னார். அதுக்குப் பின்னாடி எதுவும் வரலை. வெறும் 'ம்'. எழுந்து சுவரைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே போயிட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் அம்மா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. அவர்தான் உனக்கு வழி எடுத்துக் கொடுத்தாரே, நானாத்தான் கட்டி விட்டேன்னு சொல்லியிருக்கக் கூடாதாடா? நான் சொன்னேன், நான் பொய் சொல்ல மாட்டேன்ம்மா. ஏன் சார், நான் சொன்னதில என்ன தப்பு? பிள்ளை பொய் சொல்லலைன்னு சந்தோஷப்படணுமா வேண்டாமா? அம்மா துணி எடுக்க மாடிக்குப் போயிட்டாங்க.

மறுநாளில இருந்து அப்பா ஆரம்பிச்சார். அம்மா டூட்டி விட்டு வந்து பார்த்தால், மூடியிருக்கிற மேக் மேலே ஒரு சீட்டு இருக்கும். 'தேநீர் ஒன்று. கோழிக்கடை எதிரில். கடையில் ரசீது தர இயலாது என்றதால் சுயமாகச் சான்றளிக்கிறேன்.' கீழே முழுக் கையெழுத்து. கண் தெரியாம எழுதினதால வரி மேல வரி ஏறிக் கிடக்கும். முடி வெட்டினதுக்கு ஒரு சீட்டு. காணிக்கைத் தட்டில போட்டதுக்கும் ஒரு சீட்டு சார், பாட்டுப் பாடும்போது நாலு பேர் பார்க்கப் போட்டது, பங்குச் சாமியார்கிட்ட ரசீது கேட்க முடியலைன்னு வருத்தம் தெரிவிச்சு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்பாவும் நம்மளை மாதிரி ஒரு கலைஞர்தான் போலன்னு நினைச்சேன்.

அம்மா முதல்ல சீட்டை எடுத்துக்கிட்டு அவர் முன்னாடி போய் நின்னாங்க. எதுக்கு இப்படிப் பண்றீங்கன்னு கேட்டாங்க. அவர், 'ம்... கணக்கு கணக்கா இருக்கணும்'னார். அதோட சரி. பக்கத்தில நாற்காலி போட்டு உட்கார்றது நின்னுருச்சு. அம்மா கார்டை எடுத்துட்டுப் போய் அவர் சட்டைப் பையில போட்டாங்க. அவர் எடுத்து மேசையில வச்சார். அம்மா மறுபடி போட்டாங்க, அவர் மறுபடி எடுத்தார். இப்ப அது ஃப்ரிட்ஜ் மேலே கிடக்கு, அதோ, அந்த உண்டியலுக்குப் பக்கத்தில. ரெண்டு பேரும் தொடுறதில்லை. வீட்டுக்கு ஏதாவது வேணும்னா நான்தான் எடுத்துட்டுப் போய் கல்யாண நாளை அமுக்கிட்டு வர்றேன்.

அப்புறம் அம்மாவுக்கு ஒரு வாரம் நைட் டூட்டி வந்தது. வந்து படுத்துருவாங்க, மேக் பக்கமே போகலை. சீட்டு பாட்டுக்குச் சேர்ந்துக்கிட்டு இருந்தது. டூட்டி மாறினதும் உட்கார்ந்து ஒவ்வொண்ணா எடுத்தாங்க. அடியில ஒண்ணு. 'கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. வாங்க அனுமதி வேண்டப்படுகிறது.'

அனுமதி வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்திருக்கார் சார். கண்ணில மருந்து விடாம. சொந்த வீட்டில, நர்ஸ் பொண்டாட்டியை வச்சுக்கிட்டு. அம்மா கத்துவாங்கன்னு பார்த்தேன். கத்தலை. அவர் கண்ணாடியைக் கழட்டி, டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. பார்த்துட்டு அந்த டார்ச்சை அணைக்காமலே கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் ஆட்டோ. ஆஸ்பத்திரியில டாக்டர் அப்பாவைத் திட்டலை, அம்மாவைத்தான் திட்டினார். சிஸ்டர், உங்களுக்கே தெரிய வேண்டாமான்னு. அவர் தொண்டை கரகரன்னு நல்ல தொண்டை, ஆனா இப்ப வேண்டாம். இடது கண்ணு இப்ப நனைஞ்ச கண்ணாடி வழியாப் பார்க்கிற மாதிரிதான் தெரியுதாம். கண்ணுக்குள்ள ஊசி போடணும், மாசம் ஒண்ணு.

வந்த அன்னைக்கே அம்மா மேக்கை மூடினாங்க. வித்துரு, அவ்வளவுதான் சொன்னாங்க. அதுவும் வாயால சொல்லலை, வாட்ஸ்அப்ல.

அதான் சார் எனக்குத் தாங்கலை. இந்த வீட்டில இப்ப யாருமே என் முன்னாடி பேசுறதில்லை. நான் அடுப்படிக்குள்ள போனால் அம்மா வாயை மூடிக்கிறாங்க. சட்டிகிட்டக்கூடப் பேசுறதில்லை. அடுப்படியில நின்னுக்கிட்டு ஹால்ல இருக்கிற எனக்கு மெசேஜ் போடுறாங்க, அரிசி வாங்கிட்டு வா, தட்டு எடுத்து வை. அப்பாவுக்கு 'ம்' மட்டும்தான். சித்தப்பா வர்றதே இல்லை. மாமா போனை நான் எடுத்தேன்னா, முதல்ல உங்கம்மா பேரு என்னன்னு பரீட்சை வைக்கிறார். நான் என்ன சார் பண்ணினேன்? ஒரு சொல் கூட்டினேனா, குறைச்சேனா? அவங்க மனசில இருந்ததை அவங்க வாயால சொல்ல முடியலை, நான் சொன்னேன். அதுக்கு நன்றி சொல்ல வேண்டாமா? எல்லாம் இந்த மேக்கால வந்தது. நல்ல பிள்ளையா ஒரு பி.சி. வாங்கியிருந்தால், சித்தப்பா பாட்டுக்கு அங்க இருந்து திறந்து பார்த்துக்கிட்டு, எல்லாரும் கறிக்குழம்பு சாப்பிட்டுக்கிட்டு இருந்திருப்போம்.

படியில சத்தம் கேட்குது. அம்மாதான். செருப்பைத் தேய்ச்சு வைப்பாங்க.

அம்மா, இவர்தான். போன்ல பேசினவர். ... சார், நீங்க உட்காருங்க, அவங்க கை கழுவிட்டு வருவாங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்தால் கை கழுவாம எதையும் தொட மாட்டாங்க.

இப்பப் பாருங்க. விரல் வச்சாங்களா? திறந்ததா? குரலைப் பிடிக்கலாம் சார், விரலைப் பிடிக்க முடியாது. அதோ அந்த வட்டம். பச்சை, சிவப்பு, மஞ்சள். ஓரத்தில ஊதா. எல்லாத்தையும் அழிச்சுக் கொடுத்துருவாங்க, உங்களுக்குப் புதுசு மாதிரி வரும். அழிக்கிறதுக்கு விரல் மட்டும் போதாது, பாஸ்வேர்டும் கேட்கும். அம்மா, அந்தக் கட்டத்தில... ஏம்மா? நான் எட்டிப் பார்க்கலையே. கைப்பையை எதுக்கு நடுவில வைக்கிறீங்க? இவர் உங்களுக்கு அந்தப் பக்கம்தானே நிக்கிறார், அவர் பார்க்கலாமா?

சரி. சரிம்மா. போறேன். சாருக்குத் தண்ணி கொண்டு வர்றேன்.

...

விடுங்க சார், பெட்டியை நான் தூக்கிட்டு வர்றேன். படி செங்குத்து, பார்த்து வைங்க. அம்மா வர மாட்டாங்க, அப்பாவுக்கு மருந்து விடுற நேரம். நான் இருக்கேன்ல, வாசல் வரைக்கும் வர்றேன்.

சார், ஒண்ணு கேட்கணும். நான் தண்ணிக்குப் போயிருந்தேனே, அப்ப அம்மா உங்ககிட்ட என்னமோ பேசிக்கிட்டு இருந்தாங்க. ரொம்ப நேரம் பேசினாங்க. நான் தம்ளரை வச்சுக்கிட்டு அடுப்படியிலேயே நின்னேன், பேச்சுக் கேட்குது, வார்த்தை பிடிபடலை. நடுவில ஒரு தடவை சிரிச்சாங்களோ? இல்லை அழுதாங்களா? அதுவே எனக்குத் தெரியலை. நான் வந்ததும் நிறுத்திட்டாங்க. என்ன சார் சொன்னாங்க?

யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா. குரல்கூட வேண்டாம், என்ன சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க. மேக்கைப் பத்தியா? அப்பாவைப் பத்தியா? என்னைப் பத்தி ஏதாவது?

தலையை ஆட்டினால் எப்படி சார். போன்ல அவ்வளவு பேசினீங்களே. திருட்டு கிருட்டு இல்லையே தம்பின்னு அப்படி இழுத்தீங்களே. நானும் அப்போ இருந்து பார்க்கிறேன், நீங்க வந்து உட்கார்ந்ததில இருந்து என் முன்னாடி வாயே திறக்கலை. நான் மேலே தண்ணி கொண்டு வந்து கொடுத்தப்ப தேங்க்ஸ்கூடச் சொல்லலை, கையை மட்டும் தூக்கினீங்க.

சரி, பெட்டியைப் பிடிங்க. முன்னாடி வச்சுக்கோங்க, பின்னாடி வச்சால் வேகத்தடையில விழுந்துரும்.

ஹெல்மெட்டை இப்பவே ஏன் சார் மாட்டுறீங்க? ஒரே ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்களேன். எதுவா இருந்தாலும் பரவாயில்லை.